லேபல் உரிக்காத கேக் அச்சுகள்

கோழி எழும்ப மாட்டேன் என்றது.

காக்கி உடுப்போடு, தோளில் தபால் பையோடு, புவனம் மச்சாளின் கோழிக்கூட்டுக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறேன். கூட்டுக்குள் ஒரு சிவப்புப் பேடு. பேட்டுக்குக் கீழே பதின்மூன்று முட்டை. முட்டைக்குக் கீழே வைக்கோல். வைக்கோலுக்குக் கீழே, குவைத்திலிருந்து கப்பல் ஏறி வந்த, இதய வடிவக் கேக் அச்சு.

அதை வாங்கி அனுப்பியவள் என் மனைவி விஜயா. ஏழு வருசத்துக்குப் பிறகு, இன்னும் மூன்று நாளில் வீட்டுக்கே வந்து சேரப் போகிறாள்.

"மச்சாள், கோழியத் தூக்குங்க."

"என்ன மனே கதைக்கிறாய்? அடை வைச்சு எட்டு நாள். இப்ப தூக்கினா அவ்வளவு முட்டையும் கூழாப் போயிரும். அந்தப் பாவத்த நீ சுமப்பியா?"

"இது விஜயாட கேக் அச்சு மச்சாள்!"

"ஓம், தெரியும். என்ட தங்கச்சிட அச்சிலதான் என்ட கோழி இரிக்கு. இதுக்குள்ள நீ ஏன் குதிக்கிறாய்?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நியாயம் இருக்கிறவர்களோடு சண்டை பிடிக்கிறதுதான் எனக்குப் பிடிக்காத வேலை. பேட்டைப் பார்த்தேன். பேடு என்னைப் பார்த்தது. அதன் முகத்திலும் நியாயம் இருந்தது.

போன கிழமை இந்தப் பத்திரிகைப் பகுதியில் என் தபால் சைக்கிளின் கதையைப் படித்துவிட்டு, "ஐயா, உங்கட வீட்டுக்காரியைப் பற்றி ஒண்டும் எழுதுறீங்க இல்லையே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தா. பயத்தினால்தான் அம்மா. இந்த முறை விஜயாவிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க. ஆனா உங்கள நல்லவனாக் காட்டி எழுதப்படாது" என்றாள். அந்த நிபந்தனையை மீறுவதற்கு இந்தக் கதையில் எனக்கு இடமே இல்லை.

ஆருட வீடு?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் மூட்டை முடிச்சோடு பெண் வீட்டுக்கு வருவான். ஒரே வளவுக்குள் அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு. படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட, நான் பத்தொன்பது வருசமாகக் குடியிருக்கிற வீடு விஜயாவின் சீதன வீடு. வேலிக்கு அங்கால் புவனம் மச்சாள். நான் பயிர் செய்கிற வயல்கூட விஜயாவின் பேரில்தான்.

ஆகவே எங்கள் ஊரில் புருசன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகலாம். பெண்சாதியை "வெளியே போ" என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னவன் தன் உடுப்பைத் தானே மடிக்க வேண்டும்.

என் பயத்தின் அளவு இப்போது உங்களுக்கு விளங்கும்.

அந்தச் சீதன வீடு அரைச்சுவரில் நின்றது. அதைக் கட்டி முடிக்கத்தான் விஜயா குவைத்துக்குப் போனாள். பத்திரத்தில் "மனைவி போவதற்குச் சம்மதம்" என்று கையெழுத்துப் போட்டவன் நான். மகள் ஆரணிக்கு அப்போது நாலரை வயது. விமான நிலையத்துக்கு வான் புறப்படும்போது பிள்ளை அழவில்லை. புவனம் மச்சாள் கொடுத்த கச்சான் கடலையைத் தின்றுகொண்டு நின்றாள். ஆகவே நானும் அழவில்லை. கச்சான் தின்றேன். இன்றைக்கும் யாராவது பக்கத்தில் இருந்து கச்சான் கோது உடைத்தால் எனக்குக் கோபம் வரும். காரணம் சொல்லாமல் எழும்பிப் போய்விடுவேன்.

தகரம் வந்த விதம்

விஜயா வேலைக்குப் போன வீட்டில் ஒரு பொடியன் இருந்தான். ஆரணியின் வயது. அவனுடைய பிறந்தநாளுக்கு விஜயாதான் கேக் சுடுவாள். அந்த வீட்டு அம்மா சொல்லிக் கொடுத்தாளாம், இவள் அவளை மிஞ்சிவிட்டாளாம். ஐந்து வயசுக்கு ஐந்து வடிவில் ஒரு கேக். படம் அனுப்பினாள். ஐந்தின் தொப்பையில் சிவப்புப் பழம் எல்லாம் பதித்திருந்தது.

என் பெண்சாதியின் கையால் சுட்ட கேக்கை ஆரோ ஒரு பொடியன் ஊதி வெட்டுகிறான். என் பிள்ளை இங்கே கிறீம் பூசிய பேக்கரிப் பணிசில் மெழுகுதிரி குத்தி நிற்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெட்டி வந்தது. துவாய், சவர்க்காரம், பால்மா, கடைசியில் ஐந்து வடிவில் ஒரு கேக் அச்சு. அதே அச்சின் சோடி. "அவன்ட கேக்கச் சுடக்குள்ள எனக்குப் பொறுக்கேல்ல. அதே மாதிரி ஒண்டு வாங்கினன். ஆரணிக்குச் சுட்டுக் குடுங்க" என்றாள் தொலைபேசியில். எப்படிச் சுடுவது என்றும் சொன்னாள். ஓவன் தேவையில்லை. பெரிய அலுமினியச் சட்டியில் மணலைப் பரப்பி, அச்சை உள்ளே வைத்து மூடி, மூடிக்கு மேலே தணல் போட்டால் சரி. எங்கள் ஊர்ப் பெண்கள் நத்தார்ப் பண்டிகைக்கும் வருசப் பிறப்புக்கும் அப்படிச் சுடுகிறவர்கள்தான்.

நான் என்ன செய்தேன்? "பிறந்தநாள்தான் முடிஞ்சிதே" என்று அச்சைக் கடதாசியில் சுற்றிப் பரணில் வைத்தேன். அவளிடம் "சுட்டம், நல்லா வந்திச்சு" என்றேன். சின்னப் பொய். கைக்குட்டை அளவு.

மனதுக்குள் உண்மையில் இருந்தது கோபம். ஆள் வராமல் தகரம் வருகிறதே என்ற கோபம். ஆளை அனுப்பிவிட்ட கையெழுத்து ஆருடையது என்று அந்தக் கோபம் கேட்கவில்லை. கோபத்துக்கு எப்போதும் தனக்கு வசதியான இடத்தில்தான் கண் இருக்கும்.

பிறகு ஒவ்வொரு வருசமும் பெட்டியில் அந்த வருசத்து இலக்கம் வந்தது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. பத்துக்கு ஒன்றும் பூச்சியமும். பதினொன்றுக்கு அந்த ஒன்றையே இரண்டு தரம் சுடச் சொன்னாள். இடையில் ஆசைக்கு வாங்கியவை நாலு: இதயம், நடுவில் குழாய் வைத்த பூவளையம், பொம்மைக்குப் பாவாடை மாதிரிக் கவிழ்ந்த கிண்ணம், நீட்டுப் பெட்டி. எல்லாமாகப் பதினொரு அச்சு. இடையில் ஒரு முறை தாயின் செத்த வீட்டுக்குப் பத்து நாள் வந்தாள். செத்த வீட்டில் கேக் அச்சைப் பற்றி ஆர் கேட்பார்? தப்பினேன்.

ஒரே ஒரு உண்மைக் கேக்

ஆறாம் பிறந்தநாளுக்கு நான் மெய்யாகவே முயற்சி செய்தேன். புவனம் மச்சாள் மாவும் மாஜரீனும் சீனியும் முட்டையும் அடித்துத் தந்தாள். ஆறு வடிவ அச்சில் ஊற்றி, சைக்கிள் கூடையில் வைத்து, சந்தி பேக்கரிக்கு உருட்டிக்கொண்டு போனேன். ஏறி ஓடினால் ஆறு எட்டாகிவிடும் என்று பயம். பாண் இறக்கிய போறணைக்குள் பேக்கரிக்காரர் அதைத் தள்ளினார். அடி கருகி, பாண் வாசத்தோடு ஒரு ஆறு வெளியே வந்தது.

ஆரணி அதைத் தூக்கித் தொலைபேசிக்குக் காட்டினாள். "அம்மா, ஆறு!"

திரையில் விஜயா சிரித்தாள். பிறகு வாயைப் பொத்தினாள். பிறகு அழுதாள். சத்தம் போட்டு அழ அந்த வீட்டில் இடமில்லை என்பதால் ஒரு குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டது. ஆரணி என்னைப் பார்த்தாள். கேக்கை மேசையில் வைத்துவிட்டுத் தொடாமல் போனாள்.

அந்த நேரம் ஒரு முடிவெடுத்தேன். பதறுகிற மனிசன் எடுக்கிற முடிவு எப்போதும் மண்டைப் பிழைதான். இனி அச்சுக் கேக் இல்லை. கடையில் சதுரக் கேக் வாங்குவது, துண்டு துண்டாக வெட்டிய பிறகு தொலைபேசியைத் திறப்பது. "உன்ட அச்சில சுட்டதுதான், பிள்ளையள் அவசரப்பட்டு வெட்டிப் போட்டுதுகள்." ஆரணிக்கும் சொல்லிக் கொடுத்தேன், எப்படிச் சொல்ல வேண்டும் என்று.

அழுகையை நிற்பாட்டியதாக நினைத்தேன். பெரிய கெட்டிக்காரன்.

மூன்று நாள் வேட்டை

இலக்க அச்சுகள் பரணில் பத்திரம். என் பயமெல்லாம் மற்ற நாலையும் பற்றித்தான். கேட்டவருக்குத் தூக்கிக் கொடுத்திருந்தேன், மிச்சத்தை நானே எடுத்திருந்தேன். "சும்மாதானே கிடக்கு." இந்த வாக்கியத்தைச் சொன்னவனை இன்று கண்டால் அடிப்பேன். கண்ணாடியில் தினமும் காண்கிறேன்.

நீட்டுப் பெட்டி என் மேசையில் இருந்தது. அதற்குள் கோந்து, றப்பர் வளையம், ஆள் இல்லாத வீட்டுக் காயிதங்கள். அதைக் கொட்டிவிட்டேன். ஒன்று முடிந்தது.

பூவளையம் விஜயாவின் தம்பி யோகனிடம். வாவிக் கரையில் தோணியடியில் அவனைப் பிடித்தேன். அச்சின் நடுக்குழாயைச் சுற்றித் தூண்டில் நூல் வட்டமாகக் கிடந்தது. விளிம்பைச் சுற்றி வரிசையாகத் தூண்டில் முள் கொளுவியிருந்தது.

"மச்சான், அத தா. அக்கா வாறா."

"அத்தான், இது கேக்குக்கெண்டு ஆர் உங்களுக்குச் சொன்ன? ஒரு தூண்டில்காரன்தான் இதச் செய்திரிக்கான். பாருங்க, நூல் சிக்கவே சிக்காது."

பார்த்தேன். சிக்கவில்லை. மனதுக்குள் அந்தத் தூண்டில்காரனை மெச்சினேன். வாயால் கத்தினேன்.

"அக்கா கேட்டா என்னத்தச் சொல்லுற?"

"நீங்க பயப்படாதீங்க, நான் சொல்லுறன். அத்தான்தான் கொண்டந்து தந்தவர் எண்டு."

வீட்டில் நான் குளிக்கிற பிளாஸ்டிக் பேசினை ஈடாகக் கொடுத்து மீட்டேன்.

பாவாடைக் கிண்ணம் வட்டையில். வட்டை என்றால் வயல்வெளி. மயில் தொல்லைக்கு நட்ட வைக்கோல் வெருளிக்கு நானே தொப்பியாகப் போட்டது. வரம்பில் சைக்கிளைச் சாத்திவிட்டு, சேற்றுக்குள் இறங்கி, வெருளியின் தலையில் இழுத்தேன். கழலவில்லை. கட்டிப் பிடித்து இழுத்தேன். பக்கத்து வயல்காரர் தண்ணி பாய்ச்சுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன தபால்காரர், வெருளிக்கும் காயிதம் வந்திரிக்கோ?"

"ஓம். கையெழுத்துப் போட மாட்டேங்குறான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அடுத்த இழுவைக்குக் கிண்ணம் கையோடு வந்தது.

வீட்டுக்கு வந்து மூன்றையும் கழுவினேன். கோயில் விளக்கு விளக்குகிற மாதிரி, புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்த் தும்பால் ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்த்தேன். உள்ளே இருந்த கறுப்பெல்லாம் போய் வெள்ளி மாதிரி மினுங்கியது. பெருமையோடு ஆரணிக்குக் காட்டினேன்.

"அப்பா, அந்தக் கறுப்புத்தான் கேக் ஒட்டாமல் இரிக்கப் பூசினது" என்றாள்.

பதினொரு வயதில் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நேரத்தோடு சொல்ல மட்டும் தெரியாது.

விஜயா வந்தாள்

காலையில் வான் வந்து நின்றது. இறங்கியவள் கொஞ்ச நேரம் ஆரணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை அவள் காதளவுக்கு வளர்ந்திருந்தாள். நான்தான் பேசிக்கொண்டேயிருந்தேன். வான்காரனோடு பேசினேன், பெட்டியோடு பேசினேன்.

மேசையில் பத்து அச்சையும் கடை மாதிரிப் பரப்பி வைத்திருந்தேன். அவள் கை கழுவிவிட்டு வந்து பூவளையத்தைத் தூக்கி மணந்தாள்.

"மீன்."

"யோகன்..." என்று தொடங்கினேன்.

"தூண்டில் நூல் சுத்தினவனா? கெட்டிக்காரன்." கிண்ணத்தைப் பார்த்தாள். வெருளிக் கதையைச் சொன்னேன். சிரித்தாள். இதயத்தைக் கேட்டாள். கோழிக்கூட்டடிக்குக் கூட்டிப் போனேன். குந்தியிருந்து பேட்டைப் பார்த்தாள். பேடு அவளைக் கொத்த வந்தது. "இரி, இரி, எழும்பாத" என்றாள் அதற்கு.

"கோவமில்லையா?" என்று கேட்டேன்.

"பாவிச்சாப் பழுதாகும்தானே. அதுக்கென்ன?"

மூன்று நாள் பயம் முதுகால் இறங்கி ஓடியது. வீட்டுக்குள் வந்து தேத்தண்ணி ஊற்றினேன். விசில் கூட அடித்திருப்பேன்.

திரும்பிப் பார்த்தபோது அவள் ஏழாம் இலக்க அச்சைக் கையில் வைத்திருந்தாள். அதன் உள்ளே, நடு அடியில், அரபு எழுத்துப் போட்ட வட்டக் காகித லேபல், கடையில் ஒட்டியது ஒட்டியபடி.

"இந்த லேபலோடயா கேக் சுட்டீங்க?"

"அது... சூடு தாங்குற லேபல்."

அவள் எட்டை எடுத்தாள். லேபல். ஒன்பது, லேபல். ஒன்று, பூச்சியம், ஐந்து. ஒவ்வொன்றாகப் புரட்டி வரிசையாக வைத்தாள். ஆறு மட்டும் அடி கருகி, லேபல் இல்லாமல், அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு மனிசன் மாதிரிக் கிடந்தது.

"ஆரணி. ஏழாம் பிறந்தநாளுக்கு அம்மா கேட்டனே, கேக் எப்பிடி வந்த எண்டு. என்ன சொன்னாய் நீ?"

பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். "ஏழு மாதிரியே வந்த, கால்பக்கத் துண்டு எனக்கு, எண்டு சொன்னன்."

"அப்பிடிச் சொல்லச் சொன்னது ஆரு?"

ஆரணி என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காப்பாற்ற அவள் அத்தனை பாடுபட்டு என்னைப் பார்க்காமல் நின்றதைக் கண்டபோதுதான், நான் அவளுக்கு எதைப் பழக்கியிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

விஜயா சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் வேலை செய்த வருசங்கள் அவளுடையவை.

"ஆருடயோ பிள்ளைக்கு வருசா வருசம் சுட்டன். ஒவ்வொரு முறையும், அங்க என்ட பிள்ளைக்கும் இதே கேக் வேகுது எண்டு நினைச்சுத்தான் அடுப்ப மூடினன். அந்த ஒண்டுலதான் நான் நிண்டு பிடிச்சன். அதையும் பொய்யாக்கிப் போட்டீங்க."

"நீ அண்டைக்கு அழுதாய். அதால..."

"நான் அழுதா அழுதிட்டுப் போறன்! அழுறதுக்கு உங்கட அனுமதி கேட்டனா?"

இந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்குப் பயம் வந்தால் பகிடி வரும். அது ஒரு வியாதி. ஆறையும் ஒன்பதையும் இரண்டு கையிலும் தூக்கினேன்.

"எண்டாலும் விஜயா, ஒம்பது என்னத்துக்கு வாங்கின நீ? ஆறத் திருப்பி வைச்சா ஒம்பதுதானே."

அவள் இரண்டையும் என் கையிலிருந்து பிடுங்கி மேசையில் வைத்தாள்.

"உங்களுக்குத் திருப்பி வைக்கிற வேலை" என்றாள். "எனக்கு அந்த ஆறுக்கும் ஒம்பதுக்கும் இடையில மூண்டு வருசம்."

ஞாயிற்றுக்கிழமைகள்

அவள் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லேசாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து, பெரிய அலுமினியச் சட்டியையும் ஒரு வாளி மணலையும் முற்றத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"பொய்யாச் சுட்ட கேக்கையெல்லாம் மெய்யாச் சுடுங்க. ஞாயிறுக்கு ஒண்டு. ஐஞ்சில இரிந்து. நான் கை வைக்க மாட்டன்."

அப்படித்தான் நடக்கிறது. ஊர் முழுக்கத் தபால் சேர்ப்பிக்கிறவன், தனக்கே வந்த சாமானைச் சேர்ப்பிக்க ஏழு வருசம் எடுத்திருக்கிறான் என்று யோகன் தோணிக்குத் தோணி சொல்லித் திரிகிறான். வேலிக்கு மேலால் புவனம் மச்சாள், "மனே, தணலக் கூட்டு! கேக்கென்ன குளிர்காயுதா?" என்று கத்துகிறாள். கத்துகிற எல்லோர் மேலும் எனக்குக் கோபம். ஆனால் சட்டியை விட்டு எழும்ப முடியாது, அடி பிடித்துவிடும். இப்போது எனக்கும் அந்தப் பேட்டுக்கும் ஒரு ஒற்றுமை. அதற்கோ பதினொரு குஞ்சு பொரித்துவிட்டது.

ஐந்தாம் இலக்கம் கரிக்கட்டியாக வந்தது. ஆரணி கத்தியால் சுரண்டித் தின்றாள். ஏழு எடுக்கும்போது கழுத்தில் முறிந்தது. எட்டு நடுவில் குழிந்து இரண்டு கிணறு மாதிரி வந்தது. விஜயா ஒவ்வொரு முறையும் கதவடியில் கை கட்டி நின்றாள். ஒரு துண்டு எடுப்பாள். உள்ளே போய்விடுவாள்.

இதை எழுதுகிற கிழமை ஒன்பது. காலையில் அந்த அச்சின் லேபலை நகத்தால் உரித்தேன். லேசில் வரவில்லை. துணுக்குத் துணுக்காகத்தான் வந்தது. உரிக்க உரிக்க எனக்கு என் மேல் வந்த கோபத்துக்கு அந்தத் தகரம் நெளியாதது ஆச்சரியம். தேங்காயெண்ணெய் பூசி, மாத்தூவி, மணலைச் சூடாக்கி, தணலை மூடியில் பரப்பிவிட்டுக் காத்திருந்தேன். மணம் வந்தது. தட்டில் கவிழ்த்தேன். முறியவில்லை, கருகவில்லை. வாலின் வளைவு வரை முழுசாக வந்து விழுந்தது.

ஆரணி ஓடி வந்தாள். தட்டைப் பிடித்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள். என்னைப் போலவே சிரிக்கிறாள் இந்தப் பிள்ளை.

"அப்பா, பாருங்க. ஆறு!"

கதவடியில் விஜயா அசையவில்லை.

நான் தட்டைத் திருப்பி வைத்தேன்.

"இல்ல மகள்" என்றேன். "ஒம்பது."